இல்லீங்க டீச்சர்

எங்கள் மலையில் யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். நாளைக்கு ஜீப் வருமா என்று கேட்டால் "வரும்னுதான் நெனைக்கேன்" என்பார்கள். ஏலக்காயெடுக்க ஆள் கிடைக்குமா என்றால் "பாப்போம்" என்பார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போடிக்கு இறங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். வியாபாரி வாயில் 'இல்லை' வரக் கூடாது.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு டீச்சர் வந்தார். எதைக் கேட்டாலும் "இல்லீங்க" என்றார்.

உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மாற்றலாகி வந்தவர். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. அங்கே பேசுகிற தமிழ் கோயமுத்தூர்த் தமிழ். எங்கள் தமிழ் திருநெல்வேலியிலிருந்து தேயிலைக்கும் ஏலத்துக்கும் ஏறி வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் அன்பாகக் கூப்பிட்டாலே கீழ்நாட்டுக்காரனுக்குச் சண்டை போடுவது போலக் கேட்கும். டீச்சரோ அடிக்கும்போதும் 'ங்க' போட்டு அடிப்பார். கன்னத்தில் விழுந்த அறை வலிக்கும், ஆனால் மரியாதைக் குறைவு என்று யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

வந்த வருஷமே கோயில் கமிட்டிக்காரர்கள் போய், விழாவில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. கமிட்டித் தலைவர் வாசலில் நின்றபடி காரணத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். ஜீப் ஓட்டுகிற ஒருவர், என் மகள் பரீட்சையில் தேறிவிடுவாளா டீச்சர் என்று கேட்டதற்கு, "இப்பப் படிக்கற மாதிரி படிச்சா இல்லீங்க" என்றார். அந்த மனிதர் ஒரு மாதம் டீச்சரை ஜீப்பில் ஏற்றவில்லை. டீச்சர் நடந்தே போனார். பிள்ளைகள்தான் பெயர் வைத்தார்கள், 'இல்லீங்க டீச்சர்' என்று. அவருக்கும் அது தெரியும். அவருடைய உண்மைப் பெயர் எனக்கும் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

குடை விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையைத் தூக்காமல் வெளியே போனாலும் போவோம், குடை இல்லாமல் போக மாட்டோம். டீச்சர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மழை பெய்தால் குடை எடுப்பார். பெய்யாவிட்டால் எடுக்க மாட்டார். பாதி வழியில் நனைந்து என் ஏலக்காய் ஸ்டோர்ச் சாய்ப்பில், கூரை இறக்கத்தின் கீழே, ஒதுங்குவார். "டீச்சரே, இந்த மலைய நம்பிக் குடை இல்லாம வரலாமா?" என்று கேட்டால், "கெளம்பும்போது மழை இல்லீங்க" என்பார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே சொல்வார். அதில் ஒரு வருத்தமும் இருக்காது.

கண்ணுக்கு முன்னால் இருப்பது உண்டு. இல்லாதது இல்லை. அவ்வளவுதான் அந்த மனுஷி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து மூன்றாம் கிளாசோடு படிப்பை விட்டவன். களை வெட்டினேன், காய் எடுத்தேன், அடுத்தவன் ஸ்டோரில் விறகு தள்ளினேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை. இன்றைக்குச் சாந்தன்பாறைப் பக்கம் என் ஸ்டோரைக் கேட்டால் பச்சைப் பிள்ளையும் வழி சொல்லும். நாலு அறை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோரும் பச்சைக் காயை என்னிடம்தான் உலர்த்தக் கொண்டுவருவார்கள். ஏனென்றால் என் ஸ்டோரில் காய்ந்த காய் பச்சை மாறாது. ஏலக்காய்க்கு நிறம்தான் எல்லாம். சூடு ஏறினால் வெளுக்கும், ஈரம் நின்றால் கறுக்கும். நிறம் போன காயைச் சந்தையில் எவனும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டான். கம்ப்யூட்டர் வைத்து உலர்த்துகிற யோசனையை இந்த வட்டாரத்தில் முதலில் செய்தவனும் நான்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய டீச்சர் கையில் ஒரு பிடி காயைக் கொடுத்து, "இந்த மலையிலே இதுக்கு மிஞ்சுன காய் உண்டா, சொல்லுங்க" என்றேன். ஒன்றை உரித்தார், மோந்தார், விதையைக் கடித்தார்.

"வேற ஸ்டோர்க் காய நான் பாத்ததில்லீங்ண்ணா."

வேறு யாராக இருந்தாலும் 'உண்டா அண்ணாச்சி, உங்க காய் உங்க காய்தான்' என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் வாங்கிப் போயிருப்பார்கள். அன்றையிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். இந்த அம்மாள் வாயால் ஒரே ஒரு 'ஆமாங்க' வாங்கிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரிக்கும் ஆரம்பத்தில் டீச்சரைப் பிடிக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் "பசிக்கலீங்க" என்று எழுந்துவிட்டார் என்று கோபம். பிறகொரு நாள் டீச்சர் தானாக அடுப்படி வரைக்கும் வந்து, "அக்கா, பசிக்குதுங்க" என்றார். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரி சொன்னது: "இவ்வளவு வருஷமா இந்த வீட்டுல சாப்பிட்டவுக எல்லாம் எனக்காகச் சாப்பிட்டாகளா, பசிக்குச் சாப்பிட்டாகளான்னு இப்பத்தான் யோசனை வருது."

இனி அந்த இடி விழுந்த கதைக்கு வருகிறேன்.

கொரோனா எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த காய்ப் பருவம். ஆயுத பூஜை முடிந்து ஐப்பசியின் துலா மழை தொடங்கியிருந்தது. சாயங்காலம் ஒரு இடி. ஸ்டோரில் விளக்கெல்லாம் ஒரு தரம் வெள்ளையாக எரிந்து அணைந்தது. ட்ரையரை ஓட்டுகிற லேப்டாப் போயிற்று. அறைகளின் சூட்டை அளந்து, காற்றுப் பலகையை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சுவரில் இருக்கிற பெட்டிக்குச் சொல்வது அந்த லேப்டாப்தான். செய்து கொடுத்த கோயமுத்தூர்க்காரர் தொழிலை மூடிவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரைக் கூப்பிட்டு வந்தேன். லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே பார்த்தார். அதன் விலாப்பக்கத்தில் ஒரு வாய் இருக்கும். அதற்குள் ஒரு கார்டு செருகியிருக்கும், தகரத்தில் செய்த விசிட்டிங் கார்டு போல. அந்தக் கார்டிலிருந்துதான் ட்ரையர் பெட்டிக்கு ஒயர் போகிறது.

"டிஸ்க் இருக்குதுங்க. கார்டும் பொழச்ச மாதிரிதான் தெரியுதுங்க. ஒடம்புதான் போயிருச்சு" என்றார். "இதே மாதிரி ஓரத்துல வாய் இருக்கற பழைய லேப்டாப் ஒண்ணு வேணுங்க. இப்ப வர்றதுல எல்லாம் இந்த வாய் கெடையாதுங்க."

"கொண்டாந்துட்டா ஓடிருமா டீச்சரே?"

"தெரியலீங்க. மொதல்ல கொண்டாங்க."

என் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மாரிச்சாமி மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கட்டப்பனை போய், பழைய சாமான் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். அதற்குள் நாலு அறையிலும் காய் ஏற்றியாகிவிட்டது. ஏற்றாமல் வைக்க முடியாது. பச்சைக் காயைச் சாக்கில் வைத்தால் அதுவே சூடாகி அழுகும். வெளியே சாய்ப்பில் இன்னொரு சுமைக்கான சாக்குகள் வேறு அடுக்கிக் கிடந்தன. எல்லாம் ஊர்க்காரர்கள் காய். என்னை நம்பி இறக்கிவிட்டுப் போனது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நான் மூக்கால் காய் உலர்த்தியவன். இது வெறும் பேச்சில்லை. அறைக் கதவை விரல் அளவு திறந்து மோந்தால் போதும். முதலில் நனைந்த புல் வாசனை வரும். பிறகு அது இனிக்கும். இனிப்பு மாறி வாசனை காய ஆரம்பிக்கிற நேரத்தில் காற்றுப் பலகையைத் திறக்க வேண்டும். திறந்தேன். மாரி விறகைக் குறைத்தான், கூட்டினான். அந்தச் சுமையைச் சொட்டு நிறம் குறையாமல் இறக்கினேன். ஆனால் முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. இன்னொரு சுமைக்கு நாலு அறைக்கும் நான் ஏறி இறங்க முடியாது. அது எனக்கும் தெரியும், மாரிக்கும் தெரியும். சாய்ப்பில் இருக்கிற காய்க்கு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் போவதற்குள் அந்தக் கார்டு கண் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை ஏக்கர்க்காரர்களின் ஒரு பருவ உழைப்பு கறுத்துப் போகும், என் பெயரும் கூடவே போகும்.

டீச்சர் சனிக்கிழமை மாரி வந்து சேர்ந்ததுமே ஸ்டோர் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். பழைய டிஸ்கை இந்தப் புது உடம்பில் மாட்டினார். அது எழுந்திருக்கவில்லை.

"இதுல இருக்கற கெர்னல் அந்தப் பழைய மெசினுக்குன்னே செஞ்சதுங்க. இந்த ஒடம்ப அதுக்குத் தெரியலீங்க. புதுசா ஒண்ணு செய்யோணும்."

கெர்னல் என்றால் என்ன என்று கேட்டேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதானாம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்பையும் அதுதான் அறியும், அது அறியாத உறுப்பு இருந்தும் இல்லாததுதானாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எஸ்டேட்டில் கங்காணி மாதிரி. காலையில் பேர் கூப்பிடும்போது செக்ரோலில் பேர் இருந்தால்தான் ஆள். பேர் இல்லாதவன் கங்காணி மூக்குக்கு நேரே நின்றாலும் வேலை கிடையாது. என் அப்பா அப்படி நின்றவர். டீச்சரிடம் இதைச் சொன்னேன்.

"கிட்டத்தட்டங்க" என்றார். அதுவும் 'ஆமாங்க' இல்லை.

டீச்சர் தன்னிடமிருந்த ஒரு சிடியைப் போட்டு லேப்டாப்பைத் தற்காலிகமாக எழுப்பினார். அந்தக் கெர்னல் செய்வதற்கு முன்னால் மெசின் கேள்வி கேட்கிறது. இது இருக்கிறதா, அது இருக்கிறதா, இது வேண்டுமா, அது வேண்டுமா. முடிவே இல்லாத கேள்விகள். அப்படி ஒரு வேலைக்குப் பிறந்தவர் டீச்சர். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் படித்து, லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனார்: "இல்லை... இல்லை... இல்லை... ஆமா... இல்லை."

"மெசினுக்கு மட்டும் 'ஆமா' கெடைக்கி" என்றேன்.

"அது இருக்கறதத்தான் கேக்குதுங்ண்ணா. நீங்க இல்லாததையும் சேத்துக் கேப்பீங்க."

மாரிச்சாமி விறகுக் கட்டோடு சிரித்துக்கொண்டே போனான்.

நடுநடுவே டீச்சரின் போன் அடித்தது. எடுத்துப் பார்ப்பார், அணைத்துவிட்டு வைப்பார். மறுபடியும் அடிக்கும், மறுபடியும் அணைப்பார். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ என் வீட்டுக்காரி பால் விடாத கட்டங்காப்பி கொண்டுவந்த நேரம். "யாருன்னு பாத்துப் பேசிருங்களேன் டீச்சர், அவசரமா இருக்கப் போகுது" என்றாள்.

"தம்பிங்க. பேசறதில்லீங்க்கா."

அதோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். மெசினின் கேள்விகளுக்குப் பதில் போட்டபடியே, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவராகச் சொன்னார்.

"எங்கப்பனுக்கு ஒடம்பு முடியாமப் போச்சுங்க. எனக்கு வயநாட்டுல வேல. 'நான் பாத்துக்கறேன்க்கா, நீ போ'ன்னானுங்க. நெசமாலுமான்னு கேட்டேன். ஆமாக்கான்னான். எல்லாத்துக்குமே ஆமாக்காதானுங்க அவனுக்கு. சின்ன வயசுலிருந்தே. தினமும் போன்ல கேப்பேன், மருந்து குடுத்தியா. ஆமாக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா. ஆமாக்கா." கொஞ்ச நேரம் எழுத்துகளைத் தட்டினார். "அப்பன் போயிட்டாருன்னு சேதி வந்து நான் ஊட்டுக்குப் போனப்ப மருந்து டப்பா பிரிக்காம இருந்துச்சுங்க."

என் வீட்டுக்காரி காப்பி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு நின்றாள். டீச்சர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: "இல்லை."

கார்டு பற்றிய கேள்வி வந்தபோது அதைக் கையில் எடுத்தார். அந்தக் கார்டில் இரண்டு ஜாதி உண்டாம். முதலில் வந்தது பழைய ரகம், பின்னால் வந்தது புது ரகம். இரண்டும் ஒரே அளவு, ஒரே வாயில் நுழையும். ஆனால் கெர்னலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லி வைக்க வேண்டுமாம். புது ரகத்துக்கு உள்ளே நுழைகிற முனையில் தங்க நிறத்தில் ஒரு கோடு இருக்கும்.

எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துபோன கார்டு. முனையைத் திருப்பினார். தங்கக் கோடு மினுமினுத்தது. கையால் தடவிப் பார்த்தார். புது ரகத்துக்கு "ஆமா", பழைய ரகத்துக்கு "இல்லை" என்று போட்டார்.

பிறகு கெர்னல் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். பழைய லேப்டாப், மாட்டு வண்டி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஓடவிட்டுச் சாயங்காலம் டீச்சர் குவாட்டர்ஸுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சர்ச்சுக்குப் போகவில்லை. கர்த்தருக்கு என் நிலைமை தெரியும். டீச்சர் வந்து புதுக் கெர்னலை ஏற்றினார். லேப்டாப் எழுந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. கார்டைச் செருகினால் ஒரு கீச்சுச் சத்தம் வரும்படி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, செருகினார்.

சத்தம் வரவில்லை.

எடுத்துச் செருகினார். வரவில்லை. திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பழைய ரகம் வந்திருக்குதுன்னு சொல்லுதுங்க. கோடு இருக்குதுங்களே." கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கோடு இருந்தது. "இடியில கார்டுக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்க. அதுவே தன்னைத் தப்பாச் சொல்லுது."

"அப்ப அந்தப் பழைய ரகத்துக்கும் ஒரு 'ஆமா' போட்டுருங்களேன்" என்றேன்.

"இல்லாததுக்கு ஆமா போட மாட்டேனுங்க."

"போட்டா என்ன, குடியா முழுகிப் போவும்?"

"போட மாட்டேனுங்ண்ணா."

குரல் உயரவில்லை. ஆனால் அந்த 'ங்ண்ணா'வுக்கு மேலே நான் பேச முடியவில்லை. கார்டைத் துடைத்தார், ஊதினார், செருகினார். வாயைத் துடைத்தார், செருகினார். மதியம் ஆகிவிட்டது. கடைசியில் கார்டை மேஜையில் வைத்துவிட்டு, "கார்டு போயிருச்சுங்க. என்னால ஆகாதுங்க" என்றார்.

என் ஆயுசில் நான் வாங்கிய 'இல்லை'களில் அதுதான் பெரியது. சாய்ப்பில் சாக்குகள் இருந்தன. கை வைத்துப் பார்த்தேன், உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, வேறு ஸ்டோருக்குத் தூக்கிப் போங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். யாரிடம் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களிடம்.

மாரிச்சாமி கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தான். மேஜையில் கிடந்த கார்டைப் பார்த்து, "என்ன மொதலாளி, கார்டு என்ன சொல்லுது?" என்றான்.

"தங்கக் கோடு போட்ட புதுக் கார்டாம்ல. இடியிலே போயிட்டுதாம்" என்றேன்.

"எந்தத் தங்கக் கோடு?"

"இந்தா, முனையிலே இருக்குல்லா."

மாரிச்சாமி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். "மொதலாளி, அது ஜிகினாலா. ஆயுத பூசைக்கு நான்லா ஒட்டுனேன்."

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனாலும் ஆயுத பூஜை அன்றைக்கு மாரி ஸ்டோரைக் கழுவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதை நான் தடுத்ததில்லை. பொரி கடலைக்கு முதல் கையை நீட்டுவதும் நான்தான். அவன் அடுப்புக்கும் விறகுக் கத்திக்கும் சந்தனம் வைப்பான். கார்டுக்குச் சந்தனம் வைத்தால் ஓட்டைக்குள் போய்விடுமே என்று, சாமி படத்துக்கு வாங்கிய ஜிகினா ஒட்டுக் காகிதத்தில் மெல்லிசாக ஒரு கீற்று வெட்டி ஒட்டியிருக்கிறான்.

"ஒட்டுனது சரி, ஏன்ல உள்ள போற முனையிலே ஒட்டுனே?"

"அந்த முனைதான வேல செய்யுது? வேல செய்யுற எடத்துக்குத்தான பூசை?"

டீச்சர் கார்டை எடுத்து நகத்தால் சுரண்டினார். தங்கம் சுருண்டு நகத்தோடு வந்தது. கீழே வெறும் தகரம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, தோள்கள் குலுங்கின, சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"அந்தக் கார்டு நெசத்தத்தானுங்க சொல்லிட்டிருந்துச்சு" என்றார். "நான்தான் அதக் கேக்கல."

மறுபடியும் கேள்வி வரிசைக்குப் போனார். கார்டு இடம் வந்தது. பழைய ரகத்துக்கு "ஆமா" போடுவார் என்று பார்த்தேன். விரல் அந்த எழுத்துக்குப் போய் நின்றது. பிறகு வேறு ஒரு எழுத்தைத் தட்டினார். புது ரகத்துக்கும் அதையே மாற்றிப் போட்டார்.

"இது என்ன? ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லைங்குதீங்க?"

"மூணாவதா ஒரு பதில் இருக்குதுங்ண்ணா. எம்-னு போடோணும். உள்ள சேக்கறதும் இல்லீங்க, வேண்டாம்னு தள்றதும் இல்லீங்க. பக்கத்துல தயாரா வெச்சிருக்கும். கார்டு வந்து செருகுனா அப்ப எந்திரிச்சு வரும். வராட்டி, அது பாட்டுக்குக் கெடக்கும். நான் இத்தன வருசத்துல போட்டதே இல்லீங்க. சோம்பேறிக போடறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"சீசன் ஆள் மாதிரி" என்றேன். "செக்ரோல்லே பேர் இல்லை. ஆனா காய்ப் பருவம் வந்தா கூப்பிடுவோம், லைன்லே எடம் இருக்கும்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போதாவது ஒரு 'ஆமாங்க' வரும் என்று எதிர்பார்த்தேன். "நல்லாச் சொன்னீங்க" என்றார். அதை நான் பாதியாக வரவு வைத்துக்கொண்டேன்.

இந்தத் தரம் முழுசாகச் செய்ய வேண்டியதில்லை, மாறிய துண்டை மட்டும் செய்தால் போதுமாம். வெயில் எதிர்மலையில் ஏறி நிற்கிற நேரத்துக்குக் கார்டைச் செருகினார். குருவிக் குஞ்சு மாதிரி ஒரு கீச்சு. சுவரில் பெட்டி தடக் என்று உயிர் வந்து, நாலு அறையின் காற்றுப் பலகையும் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து மூடிக்கொண்டன. மாரி கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாய்ப்பிலிருந்த காயை ஏற்றினோம். மறுநாள் இறக்கியபோது நிறம் எப்படி இருந்தது என்று நான் சொன்னால் பெருமை என்பீர்கள். அந்தக் காய்க்காரர்களைக் கேளுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாரிச்சாமி கார்டின் வெளி முனையில் பொட்டு வைத்தான். டீச்சரைக் கேட்டுக்கொண்டு வைத்தான்.

அதற்கடுத்த வருஷம் டீச்சருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. கேட்டு வாங்கியதா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏற்றிவிட, முன்பு அவரை ஏற்ற மறுத்த அந்த டிரைவரே வந்திருந்தார். வானம் தெளிவாக இருந்தது. டீச்சர் கையில் குடை இருந்தது. என் வீட்டுக்காரி என் விலாவில் இடித்தாள்.

போன பங்குனியில் ட்ரையருக்கு ஒரு மோட்டார் பார்க்கப் பொள்ளாச்சி போனேன். அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அடிக்கடி பஸ். ஏலக்காய்ப் பொட்டலத்தோடு ஏறிவிட்டேன். தென்னைக்கும் வயலுக்கும் நடுவே ஓட்டு வீடு. டீச்சர் தலையில் நரை கூடியிருந்தது. "ஏனுங்ண்ணா, கார்டு எப்பிடி இருக்குது?" என்றுதான் முதலில் கேட்டார்.

வீட்டின் பக்கவாட்டில் புதிதாக ஒரு அறை கட்டியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து அதற்குப் போக வழி இல்லை. வெளியே தனி வாசல், கதவில் பூட்டு. சாவி பக்கத்தில் ஆணியில், வருகிறவர் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

"யாருக்கு டீச்சரே? வாடகைக்கா?"

"இல்லீங்க." அந்தப் பழைய 'இல்லீங்க'. பிறகு, "தம்பிக்குங்க" என்றார்.

"பேச்சு வார்த்தை ஆயிட்டுதா?"

"போன் பண்ணுனா எடுக்கறேனுங்க. அவன்தான் பேசுவான், நான் கேப்பேன். ஊட்டுக்குள்ள விட எனக்கு மனசு வரலீங்க. அப்பன் கெடந்த கட்டில் உள்ளதான் இருக்குது. வராதேன்னு சொல்லவும் முடியலீங்க. அதனால இப்பிடி."

"வருவாரா?"

முன்பென்றால் வருவான் என்றோ வர மாட்டான் என்றோ ஒன்றுதான் சொல்லியிருப்பார். சாவியைப் பார்த்தார். "ஆமாக்கா வர்றேன்னு சொல்லியிருக்கானுங்க" என்றார்.

எழுந்து அறைப் பக்கம் போனேன். சும்மா சாவியை எடுத்துப் பூட்டில் விட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. வாங்கி மாட்டியதோடு சரி, ஒரு மழைக்காலம் நனைந்து துருப்பிடித்திருக்கிறது. அவ்வளவு நுணுக்கமான டீச்சர் இதைப் பார்க்கவில்லை. திறந்து பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

பூட்டு விஷயத்தில் என்னை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் கிடையாது. ஏல ஸ்டோர் வைத்திருப்பவனுக்குப் பூட்டுத்தான் உயிர். தேங்காயெண்ணெய் கேட்டேன். கோழி இறகு ஒன்று முற்றத்தில் கிடந்தது. இறகால் எண்ணெயைத் தொட்டு உள்ளே விட்டு, சாவியை அவசரப்படாமல் ஆட்டி ஆட்டி, துரு கரைந்து கறுப்பாக வழிகிற வரைக்கும் விட்டேன். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நாக்கு உள்வாங்கியது. இரண்டு தரம் பூட்டித் திறந்தேன். பூட்டை வேட்டி முனையில் துடைத்து மறுபடி கதவில் மாட்டிப் பூட்டினேன்.

"பாத்துக்கிடுங்க டீச்சரே" என்றேன். "இனி நடுராத்திரி வந்தாலும், கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கையாலே திறக்கலாம். எப்படி நம்ம வேலை?"

வாய்ப் பேச்சை நம்புகிறவர் இல்லையே அவர். என் கையிலிருந்து சாவியை வாங்கினார். பூட்டில் விட்டார், திருப்பினார். திறந்தது. பூட்டினார். மறுபடியும் திறந்தார். கதவைக் கொஞ்சம் தள்ளி உள்ளே பார்த்தார். ஒரு கயிற்றுக் கட்டிலும் மடித்த பாயும் இருந்தன. மூடிப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினார்.

"ஆமாங்க" என்றார்.